பத்தியப் பொடி

தவக்காலத்தின் கடைசி நான்கு வாரமும் டொரத்தி ஒரு மனிதன் நாசமாகப் போக வேண்டும் என்று ஜெபித்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் கோவிலில் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு, ஒவ்வொன்றிலும் அவன் பெயரைச் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில் அதை ஒளிக்கவும் இல்லை. மன்னித்துவிடும்படி சாமியார் சொன்னபோது, "மன்னிக்கிறேன் ஃபாதர். முதல்ல அவன் கடை மூடட்டும்" என்றாள்.

அவன் பெயர் நாகையா. கிள்ளானில் பூக்கடைகளும் புடவைக் கடைகளும் நெருக்கியடிக்கும் தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். ஊரெல்லாம் அவரை வைத்தியர் என்றது. டொரத்தி மட்டும் மனதுக்குள் அவன், இவன் என்றாள். அவருடைய மூட்டுவலி லேகியத்தை இரண்டு வருடம் சாப்பிட்டு அவள் தம்பி மாரிஸ் செத்துப்போனான் என்பது அவள் எண்ணம். எண்ணம்தான். கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை.

மாரிஸுக்கு நாற்பத்தாறு வயது. துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. நாகையாவின் லேகியம் ஆரம்பித்த பத்தாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை. மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டினான். பசி எடுத்தது. முகம் உருண்டு பளபளவென்று ஆனது. உறவுக்காரர் கல்யாணத்தில் எல்லோரும் அவன் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "என்னா மாரிஸ், டீனா நல்லாக் கவனிக்கிறா போல" என்றார்கள். அவன் மனைவி டீனாவுக்குப் பெருமை. கன்னம் மட்டும் ஏன் இப்படி, கை கால் ஏன் மெலிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. டொரத்தியும் கேட்கவில்லை. அவளும் அன்று, "தேறிட்டடா" என்றுதான் சொன்னாள். அந்த வார்த்தை இப்போது அவள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பிறகு அவன் சோர்ந்துபோனான். விரதம் இருந்தால் சோர்வு வரத்தானே செய்யும் என்றான். வாந்தி வந்தது. கேஸ்ட்ரிக் என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பத்தாம் நாள் குளியலறையில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்த மலாய் டாக்டர் பெண், முகத்தையும் வயிற்றில் இருந்த ஊதா வரிகளையும் பார்த்த உடனே, "ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாரா? திடீரென்று நிறுத்தினாரா?" என்று மலாயில் கேட்டாள். நாள்பட ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, தான் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும். பட்டென்று நிறுத்தினால் உடம்பு அப்படியே சரிந்துவிடும் என்றாள். டீனா அழுதுகொண்டே, "எதையும் நிறுத்தல டாக்டர். லேகியத்த ஒரு நாள்கூட விட்டதில்ல. இன்னிக்குக் காலையிலகூட நாந்தான் ஊட்டினேன்" என்றாள். டாக்டர் குழம்பினாள். ஊசி போடத்தான் செய்தாள். நேரம் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் விடியலில் மாரிஸ் போய்விட்டான்.

அத்தோடு விட்டிருந்தால் டொரத்தி அழுது ஓய்ந்திருப்பாளோ என்னவோ. அடக்கத்துக்கு நாகையா வந்தார். பெரிய மலர் வளையம். பெட்டியருகே நின்று கைகூப்பி, சுற்றியிருந்தவர்கள் கேட்கும்படி சொன்னார்: "பத்தியம் மீறிட்டாரு. மீறினா மருந்தே விஷம்."

அன்று முதல் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். குடிச்சிருப்பான், கண்டதைத் தின்னிருப்பான். டீனாவே நம்பினாள். "எனக்குத் தெரியாம என்னாத்தத் தின்னாரோ அண்ணி" என்று டொரத்தியிடம் கேட்டாள். செத்தவன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு அந்த ஆள் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். சோறு, சாம்பார், இரண்டாம் தடவை ரசம். பரிமாறியவள் டொரத்தி.

டொரத்தி படித்தது ஐந்தாம் படிவம், அதாவது பள்ளி முடிக்கும்வரைதான். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். சோதனைக்குழாய் கழுவச் சேர்ந்தவள், இன்று மாணவர்களின் செய்முறை வகுப்பு மொத்தத்தையும் தயார் செய்பவள். அவளுக்குக் கை நடுங்காது. மெல்லிய படலத் தகட்டில் புள்ளி வைக்க அவளைப் போல இன்னொருவர் இல்லை என்று, வகுப்பெடுக்கும் டாக்டர் சுகுமாறனே மாணவர்களிடம் சொல்லுவார்.

தகடு உள்ளங்கை அளவுகூட இருக்காது. அலுமினியத் தாளின் மேல் சிலிக்காவை வெள்ளையாகப் பூசியிருக்கும், சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி. அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பென்சிலால் கோடு. பேனாவால் போட்டால் மையே பிரிந்து மேலேறிக் காரியத்தைக் கெடுத்துவிடும். கோட்டின் மேல், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயால் கலவையில் ஒரு துளி. மூடி போட்ட ஜாடியில், புள்ளி நனையாத உயரத்துக்குத் திரவம் ஊற்றித் தகட்டை நிறுத்த வேண்டும். திரவம் தானாக மேலே ஊறும். போகிற போக்கில் புள்ளியில் இருப்பவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கூட்டிப் போக முடியாது. சிலிக்கா சிலவற்றைப் பிடித்து நிறுத்தும்.

மாணவர்கள் விழித்தால் டொரத்தி தன் பாணியில் சொல்லுவாள். "நாலு பேரு ஒண்ணா பாசார் மலாமுக்குப் போறீங்க. ஒருத்தி ஒவ்வொரு கடையிலயும் நின்னு வெல கேப்பா. ஒருத்தன் எதையும் பாக்காம விறுவிறுன்னு போவான். கொஞ்ச நேரத்துல பாத்தா அவன் அந்தக் கோடியில, இவ இந்தக் கோடியில. யாரு எங்க நிக்கிறாங்கன்னு பாத்தாலே ஆள் யாருன்னு தெரியும்ல? அவ்வளவுதான்."

ஆள் யாரென்று நிச்சயம் செய்ய, தெரிந்த ஆளைப் பக்கத்திலேயே ஓட விட வேண்டும். சந்தேகப்படும் பொருளின் சுத்தமான கரைசலை அடுத்த புள்ளியாக வைத்தால், ஒரே தகட்டில், ஒரே திரவத்தில், இரண்டும் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று பார்க்கலாம்.

மாரிஸின் லேகியப் போத்தலை டொரத்தி அடக்கத்தன்றே கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

சுகுமாறனிடம் கேட்டாள். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவளை அக்கா என்பார். "அக்கா, நம்ம ரிசல்ட்டு கோர்ட்ல நிக்காது. இது படிக்கிற பிள்ளைங்க செய்ற சோதனை" என்றார்.

"கோர்ட்டுக்கு வேணாம் டாக்டர். எனக்கு வேணும்."

அவர் பூட்டிய அலமாரியைத் திறந்து, மருந்தியல் மாணவர்களுக்கு வைத்திருந்த டெக்ஸாமெத்தசோன் குப்பியை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் பெண் சந்தேகப்பட்ட வகை ஸ்டீராய்டுகளில், மூட்டுவலி மருந்துகளில் அதிகம் கலக்கப்படுவது அது.

முதல் தகட்டை அவளே கெடுத்தாள். ஆத்திரத்தில் திரவத்தை அதிகமாக ஊற்றி, புள்ளிகள் மூழ்கிக் கரைந்துவிட்டன. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. இரண்டாவது தகட்டைப் பொறுமையாக ஓட்டி, புற ஊதா விளக்கின் கீழ் வைத்தாள். தகடு பச்சையாக ஒளிர்ந்தது. ஸ்டீராய்டு ஓடிய தடத்தில், நடுவாக்கில் ஒரு கறுத்த புள்ளி. பக்கத்துத் தடத்தில் லேகியம்: அடியில் சர்க்கரையும் வெல்லமும் நகர மாட்டேன் என்று ஒட்டிக் கிடந்தன, மேலே எண்ணெய்ப்பசை ஓடியிருந்தது, இடையில் மூலிகைகளின் மங்கலான இழுவை. ஸ்டீராய்டு நின்ற உயரத்தில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது முறை லேகியத்தை இன்னும் செறிவாகக் கரைத்தாள். இல்லை. வேறு திரவக் கலவையில் ஓட்டினாள். இல்லை.

நாகையாவின் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பரிசோதனைச் சான்றிதழ் பொய் சொல்லவில்லை. லேகியம் சுத்தம். போத்தலில் பதிவு எண்ணும் பளபளக்கும் முத்திரையும் ஒட்டியிருந்ததும் நிஜம்தான்.

ஐந்தாவது தகட்டைத் தயார் செய்தபோது டொரத்தியின் கை ஒரு காரியம் செய்யப் பார்த்தது. லேகியப் புள்ளி காய்ந்துவிட்டது. ஸ்டீராய்டு நிறைந்த குழாய் கையில் இருந்தது. அது தன் புள்ளியை விட்டுவிட்டு, லேகியப் புள்ளிக்கு மேலே வந்து நின்றது. ஒரு தொடல் போதும். தடத்தில் கறுப்புப் புள்ளி எழுந்து நிற்கும். படம் எடுக்கலாம். ஊர் முழுக்க அனுப்பலாம்.

"அக்கா," என்றார் சுகுமாறன் பின்னாலிருந்து. "அந்தக் குழாய் எதுல முக்கினது?"

அவள் குழாயை உடைந்த கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டாள்.

"நான் பாக்கல," என்றார் அவர்.

"பாத்தாலும் தாப்பா, பரவால்ல. நல்லவளா இருந்து நிறுத்தல. பொய்ப் புள்ளி வச்சா நாளைக்கு வேற லேப்ல ஓட்டிப் பாப்பாங்க. அவன் சுத்தம்னு வரும். அப்புறம் அவன் கொடியேத்துவான். அவன் செஞ்சது எதுவோ அதுலதான் அவன் மாட்டணும்."

ஈஸ்டர் ஞாயிறன்று டொரத்தி கொம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இருந்த டீனா வீட்டுக்குப் போனாள். சாவு வீட்டில் பண்டிகை கிடையாது. ஆனாலும் தவக்காலம் முடிந்த அன்று அடுப்பில் கறி ஏறாமல் இருக்கக் கூடாது என்று டீனா கொஞ்சம் கோழி வாங்கியிருந்தாள். இருவரும் மாரிஸின் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

பாத்திரம் கழுவும்போது டீனா அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தாள். "அண்ணி, இத என்னா செய்றதுன்னு தெரியல. குப்பையில போடவும் மனசு வரல. ஈஸ்டருக்கு வேணும்னு எடுத்து வச்சிருந்தாரு."

டின்னுக்குள் செய்தித்தாளில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். முப்பதுக்கு மேல் இருக்கும்.

"என்னா இது?"

"பத்தியப் பொடி. லேகியத்தோட சும்மா குடுப்பாரு வைத்தியரு. கறி மீன் சாப்பிடுறவங்களுக்கு. லேகியத்துக்குப் பத்தியம் உண்டுல்ல, கவிச்சி ஆகாது. இவருக்குக் கறி இல்லாம சோறு எறங்குமா? சாப்பாட்டுக்கு அப்புறம் இதுல ஒரு பொட்டலம் தண்ணியில போட்டுக் குடிச்சா பத்தியம் முறியாதாம்."

டொரத்தி கையைத் துடைத்துக்கொண்டாள். "தெனமும் குடிச்சானா?"

"ஆமா. ரெண்டு வேளை."

"தவக்காலத்துல?"

"தவக்காலத்துல ஏன் அண்ணி? இந்த வருஷந்தான் நாப்பது நாளும் கவிச்சி தொடுறதில்லன்னு நேர்ந்துக்கிட்டாரு. கவிச்சி இல்லன்னா இது எதுக்குன்னு சாம்பல் புதனன்னிக்கே எடுத்து வச்சிட்டாரு."

கறி விட்டான், பொடியை விட்டான். லேகியத்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டான். டாக்டர் கேட்டபோது எதையும் நிறுத்தவில்லை என்று டீனா சொன்னதில் பொய்யே இல்லை. பொடியை யார் மருந்து என்று நினைத்தார்கள்? விலை இல்லை, முத்திரை இல்லை, பெயர்கூடப் பத்தியம். டொரத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள், மாரிஸின் நாற்காலியில்.

"அண்ணி, என்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பொட்டலம் நா எடுத்துக்கிறேன். டின்ன மூடு. யார்கிட்டயும் குடுத்துறாத."

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆய்வுக்கூடத்தைத் திறந்தாள். பொடியை மெத்தனாலில் கலக்கி வடிகட்டினாள். பென்சில் கோட்டில் நான்கு புள்ளிகள்: சுத்தமான ஸ்டீராய்டு, பொடி, ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டும், கடைசியில் லேகியம். இந்தத் தடவை திரவம் மில்லிமீட்டர் பிசகாமல் நின்றது. அது ஏறிய இருபது நிமிடமும் ஜாடி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், தேநீர்கூடக் குடிக்கவில்லை. ஈரக்கோடு உச்சிக்கு அருகில் வந்ததும் தகட்டை எடுத்து, கோடு நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து, காய வைத்து, விளக்கின் கீழ் வைத்தாள்.

பொடியின் தடத்தில் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒன்று மேலே, யாரென்று அவளுக்குத் தெரியாது. இன்னொன்று சரியாக ஸ்டீராய்டின் உயரத்தில். இரண்டையும் சேர்த்து வைத்த தடத்தில் அந்த உயரத்தில் ஒரே புள்ளிதான் இருந்தது. வேறு வேறு பொருளாக இருந்தால் கொஞ்சமாவது விலகியிருக்க வேண்டும்.

சுகுமாறன் வந்து குனிந்து பார்த்தார். "ஒரே உயரம்னா ஒரே ஆளுன்னு சத்தியம் பண்ண முடியாது அக்கா. ரெண்டு பேரு ஒரே உயரத்துலயும் நிக்கலாம்."

"தெரியும். ஸ்ப்ரே பண்ணுவோம்."

ஸ்டீராய்டைக் கண்டால் நிறம் மாறும் கரைசலைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத் தெளித்தார்கள். மூன்று தடங்களில், ஒரே உயரத்தில், நாவற்பழக் கறை போல ஊதா எழுந்தது. லேகியத் தடம் வெறுமையாக இருந்தது.

"பெரிய லேப்ல மெஷின்ல உறுதி பண்ணணும்," என்றார் சுகுமாறன். "ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல."

டொரத்தி சிரித்தாள். மாரிஸ் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பார்க்க நன்றாக இல்லை.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தாள். காலை ஒன்பது மணிக்கு மருந்தக அமலாக்க அலுவலகத்தில் புகாரும் பத்துப் பொட்டலங்களும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். சோதனைக்கு அனுப்புவார்கள், கடைக்கு வருவார்கள், இருப்பதை அள்ளிக்கொண்டு போவார்கள். அதை அவர்கள் செய்யட்டும். அதற்கு முன்னால் அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். தன்னால்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். தகட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினாள்.

கடையில் பெஞ்சு நிறைய ஆள். ஒரு லோரிக்காரர், இரண்டு ஆன்டிகள், இராஜம்மா என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பருத்த பெண். பருத்தது முகம்தான், மணிக்கட்டு குச்சியாக இருந்தது.

"வாங்கம்மா. மூட்டா, முதுகா?" என்றார் நாகையா.

"மாரிஸோட அக்கா."

அவர் முகம் துக்கத்துக்கு மாறியது, சட்டை மாற்றுவது போல. "தெரியும்மா. வந்தேனே. தங்கமான மனுஷன். பத்தியம் மட்டும் காத்திருந்தா..."

"பத்தியப் பொடி ரெண்டு பொட்டலம் குடுங்க."

"லேகியம் வாங்கினாத்தான்மா அது. சும்மா குடுக்குறது."

"சர்ட்டிபிகேட் லேகியத்துக்கு மட்டும் மாட்டியிருக்கீங்க. பொடிய ஏன் லேப்புக்கு அனுப்பல?"

"அது மருந்து இல்லையே லா. பத்தியம்."

டொரத்தி தகட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். "நா லேப்ல வேல பாக்குறேன். இது ஆஸ்பத்திரி ஸ்டீராய்டு, எங்க வரைக்கும் ஏறுதுன்னு பாத்துக்கிங்க. இது உங்க லேகியம். ஒண்ணும் இல்ல, சுத்தம். இது உங்க பொடி."

படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஒரே உயரம், ஒரே ஊதா. நாகையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"முத்துப் பற்பம்னுதான் பூச்சோங்லேருந்து ஒருத்தன் மூட்டையாக் கொண்டு வரான்," என்றார், குரல் இறங்கி.

"அனுப்பியிருந்தா என்னா வரும்னு உங்களுக்குத் தெரியும். அதான் அனுப்பல."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. நிமிர்ந்தார். "விஷம்னா எனக்கு ஒண்ணும் ஆகலையே? பன்னெண்டு வருஷமா நானே குடிக்கிறேன்மா. தெனம் ரெண்டு வேளை. நா கறி சாப்பிடுற ஆளு."

டொரத்தி அப்போதுதான் அவரைப் பார்த்தாள். நிலா மாதிரி முகம். பிடரியில் திரண்ட சதை. முன்கையில், தொட்டாலே கன்றிப்போகும் தோலில், ஊதாத் திட்டுகள். மாரிஸ் இரண்டு வருடத்தில் அடைந்ததை இந்த ஆள் பன்னிரண்டு வருடமாகச் சுமந்துகொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

அமலாக்கக்காரர்கள் வந்து மூட்டையை அள்ளிக்கொண்டு போவார்கள். அன்று மாலை இவருக்குப் பொடி இருக்காது. சோர்வு வரும், கவலையால் என்று நினைப்பார். வாந்தி வரும். டாக்டர் கேட்டால், லேகியம்தான் சாப்பிடுகிறேன், நிறுத்தவே இல்லை என்பார். டொரத்தி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. தகட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வரேன் வைத்தியரே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் போதும். அவள் நான்கு வாரம் முழந்தாளிட்டுக் கேட்டது கையில் வந்து விழுந்திருந்தது.

அவள் தகட்டை எடுக்கவும் செய்தாள்.

"என்னா ஆன்டி, பொடியில என்னா?" என்றாள் பெஞ்சிலிருந்து இராஜம்மா. "நானும் அதத்தானே குடிக்கிறேன். இன்னியோட நிறுத்திறட்டுமா?"

டொரத்தி திரும்பி அவள் கன்னத்தைப் பார்த்தாள். லோரிக்காரரின் கன்னத்தைப் பார்த்தாள். இவர்களிடம் சொன்னால் அவனும் கேட்பான். அவன் கேட்கக் கூடாதென்றால் இவர்களிடமும் சொல்ல முடியாது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. மனுஷியை நிம்மதியாகப் பழிவாங்கக்கூட விட மாட்டார்கள்.

"நிறுத்தாதீங்க," என்றாள் இராஜம்மாவிடம். "இருங்க. வைத்தியரு சொல்லுவாரு."

பிறகு மேசைமேல் குனிந்து, நாகையாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பொடியைப் பட்டென்று விட்டால் உடம்பு எப்படிச் சரியும், எத்தனை நாளில், மாரிஸ் சாம்பல் புதனன்று பொடியை ஏன் விட்டான், எப்படி விழுந்தான், விழுந்தபோது குளியலறைத் தரையில் என்ன இருந்தது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"டாக்டர்கிட்டப் போனாப் பொழைச்சிக்கலாம்," என்றாள். "ஸ்டீராய்டுன்னு தெரிஞ்சா அளவு பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க. ஆனா பொடியில ஸ்டீராய்டு இருக்குன்னு உங்க வாயால சொல்லணும். அதுக்கு இங்கயே பழகிக்கிங்க."

"நா யார்கிட்டம்மா சொல்லணும்?"

"முதல்ல இவங்ககிட்ட."

நாகையா எழுந்தார். "இந்த... இந்தத் தடவ வந்த பொடி கொஞ்சம் சரியில்ல," என்று ஆரம்பித்தார்.

"வைத்தியரே."

அவர் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "பொடியில ஸ்டீராய்டு இருக்காம். இருக்கு. திடீர்னு விடாதீங்க. பொட்டலத்த எடுத்துக்கிட்டு இன்னிக்கே கிளினிக்குக்குப் போங்க. டாக்டர்கிட்ட ஸ்டீராய்டுன்னு சொல்லுங்க."

லோரிக்காரர்தான் முதலில் பேசினார். "எத்தன வருஷமா பாஸ்?"

"எங்க வீட்ல அஞ்சு பேருக்கு வாங்கிட்டுப் போறேன் நான்," என்றாள் இராஜம்மா, சத்தம் போடாமல். அது நாகையாவை அறைந்தது போல இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

டொரத்தி கைப்பேசியை எடுத்து டீனாவை அழைத்து, சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தாள். "டீனா, வைத்தியரு பேசணுமாம்."

"என்னா பேச?" என்றார் அவர்.

"மாரிஸ் பத்தியம் காத்தான். காத்ததாலதான் செத்தான். அதச் சொல்லுங்க."

அவர் சொன்னார். முதல் தடவை வார்த்தை குழறியது. டொரத்தி மறுபடி சொல்லச் சொன்னாள். பொடி, தவக்காலம், சாம்பல் புதன் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி சொன்னார்.

டீனா, "எங்க வீட்டுச் சோறு தின்னுட்டுத்தானேடா அன்னிக்கு அப்படிச் சொன்ன," என்றாள். போன் கட்டானது.

வீட்டில் மிச்சம் இருக்கும் பொட்டலங்களையும் கொண்டுபோகச் சொல்லி, பெஞ்சிலிருந்த நாலு பேருக்கும் டொரத்தி ஸ்டீராய்டின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். இராஜம்மாவின் தாளில் ஐந்து பேருக்கும் என்று எழுதி அடிக்கோடு போட்டாள். நாகையா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன்மா," என்றார். "இதோட விட்ருவீங்கல்ல? கம்ப்ளைன் அது இதுன்னு..."

"காலையில ஒம்போது மணிக்கே குடுத்துட்டேன்."

"அப்ப எதுக்கும்மா என்னைப் பொழைக்கச் சொல்ற?"

"கோர்ட்ல நிக்க ஆள் வேணும்ல. எழுந்திரிங்க, கிளினிக் மூடிறப் போறான்."

கிராப் வாடகைக் காரை அவளே அழைத்தாள். அவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஏறினார். கார் பூக்கடைகளைத் தாண்டித் திரும்பும்வரை கடை முன்னால் நின்று பார்த்துவிட்டு, டொரத்தி டீனா வீட்டுக்கு நடந்தாள்.